பழைய சிம்னி: துடைத்து மாட்டுவதா, தூக்கிப் போடுவதா?

அடுப்புக்கு மேல் பன்னிரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு சிம்னி, போன வருடம் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இழுவையை விட்டுவிட்டது. எண்ணெய் காய்ந்ததும் எழுகிற புகை சிம்னியின் விளிம்பு வரை போய், அங்கிருந்து முன்பக்கமாக வழிந்து கூடத்துக்குள் நுழையும். அதே சமயத்தில் அக்கா வீட்டு சிம்னிக்கும் இதே கதி. அக்கா புதிதாக வாங்கினாள். நான் பழையதைக் கழற்றிச் சரிசெய்தேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. சிம்னியின் வயதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. காற்று எங்கே தடைபடுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் புதிது வாங்கினால், பழைய தொல்லை புதிய பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கா வீட்டில் அதுதான் நடந்தது.

முதலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

கடைக்கும் போக வேண்டாம், மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டாம். ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை எடுத்து, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஃபில்டருக்குக் கீழே பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை ஓரளவு இருக்கிறது. நழுவி விழுந்தால் இல்லை.

அடுத்து, சுவிட்சை அணைத்து ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். உள்ளே சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இழுவை சட்டென்று கூடினால், குற்றம் முழுக்க ஃபில்டரில் அடைந்த பிசுக்கின் மேல்தான். கூடவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிம்னியின் மேல் வாயிலிருந்து குழாயைக் கழற்றுங்கள். குழாய் இல்லாமல் ஓடவிட்டு, அந்த வாய்க்கு மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். காற்று பலமாக அடித்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. அங்கேயும் சோப்ளாங்கியாக வந்தால் மோட்டாரிலோ ஊதுசக்கரத்திலோ கோளாறு.

இந்த மூன்று படிகளும் முடியும்போது பாதி முடிவு தானாகவே வந்துவிடும். இதைச் செய்யாமல் "பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை

அக்கா வாங்கியது நல்ல சிம்னி. அட்டைப்பெட்டியின் மேல் பழையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மாட்டியவர்கள் பழைய குழாயிலேயே இணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் நாள் மாலையே அக்கா போன் செய்தாள். "சத்தம்தான் டா அதிகமாயிருக்கு, புகை அப்படியே நிக்குது."

நான் போய் அலமாரியின் மேல் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். சுருள் சுருளாக இருக்கும் அலுமினியக் குழாய், அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் செங்குத்தாக வளைந்து சுவருக்குப் போனது. சுவரின் வெளிப்பக்கம், காற்று திரும்பி வராமல் தடுக்கும் சின்ன மூடி பிசுக்கில் ஒட்டிப்போய்ப் பாதிதான் திறந்தது. விரலால் நெம்பினேன். பசையைப் பிரிப்பது போல் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய மோட்டாரைப் போட்டும் பயனில்லை.

கணக்காகப் பார்த்தாலும் இது புரியும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். 125 மில்லிமீட்டர் என்றால் 123. 100 மில்லிமீட்டர் என்றால் 79 கூட முழுதாக இல்லை. விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது, காற்றுக்கான வழி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 150 வாய் உள்ள சிம்னியை 100 குழாயில் இணைப்பதற்குக் கடையில் ஒரு குறுக்கி கிடைக்கும். அதை வாங்க வேண்டாம். அந்தக் குறுகலில் காற்று வேகமாகப் பாய்ந்தாக வேண்டும், அதனால் விசில் போல் சத்தம் வரும், மோட்டாரும் திணறும்.

வளைவும் இப்படித்தான். ஒவ்வொரு செங்குத்து எல்போவும் நேர்க்குழாயில் சில மீட்டர் சேர்த்ததற்குச் சமமான தடையைக் கொடுக்கிறது. சுருள் குழாயின் உள்மடிப்புகளில் காற்றும் முட்டும், எண்ணெயும் தங்கும். ஆகவே உள்பக்கம் வழவழப்பாக உள்ள தகரக் குழாய், முடிந்த அளவு குறைந்த நீளம், ஒரே ஒரு வளைவு, மூட்டுகளில் அலுமினிய ஃபாயில் டேப். சுருள் குழாயைத்தான் போட முடியும் என்றால் அதை முழுதாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குழாய் மட்டும் வேண்டாம். சூட்டில் இளகும், கடாயில் தீப்பிடித்து மேலே ஏறினால் அதுவும் சேர்ந்து எரியும்.

புதிது வாங்கினாலும் பழையதை வைத்துக்கொண்டாலும் இந்த வேலை பொது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். சொல்லப்போனால் குழாயை மாற்றிய பிறகு "சிம்னியை மாற்ற வேண்டுமா?" என்ற கேள்வியே சில வீடுகளில் எழாது.

கழுவி மாட்டுவது

சோதனையில் ஃபில்டர் அகப்பட்டால் வேலை சுலபம். பாத்திரம் கழுவும் திரவத்தோடு கொஞ்சம் சலவை சோடாவைக் கலந்து, கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் எஃகு ஃபில்டரின் பிசுக்கு மஞ்சள் கூழாகப் பிரிந்துவரும். உங்கள் ஃபில்டர் அலுமினிய வலையாக இருந்தால் சோடா வேண்டாம். வெறும் பாத்திரத் திரவம் போதும். காரமான பொருள் எதுவும் அலுமினியத்துக்கு ஆகாது. காஸ்டிக் சோடா என்றால் அதை அரித்தே விடும். பளபளப்பு போய் கறுத்த சாம்பல் நிறத்தில், தொட்டால் கையில் ஒட்டும் ஃபில்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு வாழ்வு முடிந்தது.

ஊதுசக்கரத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அணில் கூண்டு போல் வட்டமாகச் சின்னச் சின்ன இதழ்கள் வைத்த சக்கரம் அது. ஒவ்வொரு இதழும் உள்பக்கம் குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை அள்ளி வீசுகிறது. என் வீட்டு சிம்னியில் கழற்றிப் பார்த்தபோது குழிவு தெரியவே இல்லை. பழுப்பு நிறப் பிசுக்கு மெழுகு போல் உறைந்து எல்லா இதழையும் தட்டையாக்கியிருந்தது. ஐஸ்கிரீம் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதில் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் சுத்தமாகவும் ஒரு பக்கம் அழுக்காகவும் இருந்தால் சக்கரம் சமநிலை இழந்து அதிரும், பேரிங் சீக்கிரம் போகும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட் சில மாடல்களில் இடமரையாக இருக்கும். திறக்க மறுத்தால் பலம் காட்டாமல் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மோட்டார் மேல் தண்ணீர் படக் கூடாது. பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். இவை இரண்டும் கட்டாயம்.

உள்ளே உள்ளதை மட்டும் மாற்றுவது

இங்கேதான் பழைய சிம்னிகளுக்கு ஒரு பெரிய அனுகூலம். பட்டன் வைத்த பழைய சிம்னியைத் திறந்தால் உள்ளே ஒரு மோட்டார், அதைக் கிளப்பிவிடும் ஒரு கண்டன்சர், நாலைந்து சுவிட்ச், இரண்டு விளக்கு, அவ்வளவுதான். சீலிங் ஃபேன் பழுதுபார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் சிம்னி சுத்தம் செய்த பிறகும் சில நாள் "ம்ம்ம்" என்று முனகியது, சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை விரலால் தள்ளினால் லேசாகச் சுற்றியது. ஆக பேரிங் இறுகவில்லை. முனகல் இருக்கிறது, கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றுகிறது, ஆனால் தானாகக் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். அதன் உடம்பில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். அதே அளவில் வாங்க வேண்டும். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் பழக்கம் இல்லாதவர்கள் அதன் முனைகளைத் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கரகரவென்ற சத்தம் பேரிங் அல்லது புஷ். அதுவும் மாற்றக்கூடியதே. கருகிய வாடை வந்து மோட்டார் செத்துப்போயிருந்தால் காயில் எரிந்திருக்கும். காயிலை மறுபடி கட்டலாம்தான், ஆனால் வேகத்துக்கு ஒரு இழை என்று பல முனைகள் உள்ள மோட்டாரை அதே கணக்கில் கட்டுகிற ஆள் கிடைப்பது அரிது. அதே அளவில் புது மோட்டார் கிடைத்தால் அதைப் போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் சிம்னியையே மாற்றலாம். அந்த இடத்தில் பிடிவாதம் வேண்டாம். விளக்குகள் 20 வாட் ஹாலஜனாக இருந்தால் அதே பொருத்து உள்ள எல்இடிக்கு மாற்றிவிடுங்கள். சூடும் குறையும், வெளிச்சமும் பத்தும்.

பழைய சிம்னியைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் உருவம். பழைய சிம்னிகள் பலவும் கவிழ்த்த பெட்டி போல் ஆழமாக இருக்கும். வறுக்கும்போது குப்பென்று எழும் புகையை அந்தக் குடை பிடித்து வைத்துக்கொள்ளும், மோட்டார் அதை நிதானமாக இழுத்து முடிக்கும். இப்போது அழகுக்காக வரும் தட்டையான, சாய்வான கண்ணாடி மாடல்களில் அந்த ஆழம் இல்லை. புகை கண்ணாடியில் முட்டிப் பக்கவாட்டில் வழிகிறது. எண்ணில் இழுவை அதிகம் இருந்தும் முன்பக்க பர்னரின் புகை தப்பிவிடுகிறது. பார்க்க அவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தினமும் அதிகம் சமைக்கிற வீட்டுக்கு நான் ஆழமான குடையைத்தான் சொல்வேன்.

மாற்றியே ஆக வேண்டிய நேரம்

சில அறிகுறிகளைக் கண்டால் யோசிக்க வேண்டாம். சிம்னியின் உடம்பைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, உள்ளே வயரின் தோல் சூட்டிலும் எண்ணெயிலும் இளகியோ நொறுங்கியோ இருக்கிறது என்றால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வயரிங் முழுதும் மாற்றி எர்த் சரிபார்க்க முடிந்தால் சரி, இல்லையேல் புதிதுதான். மூலைகளில் துரு ஓட்டை விழுந்து எண்ணெய் சொட்டுகிறது என்றாலும் அப்படியே. பெயின்ட் அடித்து மூடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பிசுக்கு ஊறிய தகரத்தின் உள்பக்கம் பெயின்ட் பிடிக்காது, சூட்டில் உரிந்து அடுப்பில் விழும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் பவுடர் கோட்டிங் செய்யலாம்.

டச் பேனல் உள்ள மாடலில் உள்ளிருக்கும் போர்டு போய்விட்டது, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது என்றால் பழுதுபார்ப்பது இழுத்துக்கொண்டே போகும். சிம்னி அடுப்பைவிட அகலம் குறைவாக இருந்தால் அதுவும் மாற்றுவதற்கு நல்ல காரணம். இரண்டு பர்னருக்கு வாங்கிய 60 சென்டிமீட்டர் சிம்னியை நாலு பர்னர் அடுப்புக்கு மேல் வைத்துக்கொண்டு என்ன பழுது பார்த்தாலும் ஓரத்துப் புகை வெளியேதான் போகும்.

புதிது என்றால் எது?

முதல் கேள்வி, புகை வெளியே போகிறதா, அறைக்குள்ளேயே திரும்புகிறதா என்பது. குழாய் இல்லாத சிம்னி காற்றைக் கார்பன் ஃபில்டர் வழியாக வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். எண்ணெயையும் நெடியையும் ஓரளவு பிடிக்கும். நீராவியைப் பிடிக்காது, சூட்டைக் குறைக்காது, எரிவாயு அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் நீக்காது. அந்தக் கார்பன் ஃபில்டரையும் சமையலைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கழுவிப் பயன்படுத்துவது பெரும்பாலான வகைகளில் முடியாது. சுவரில் துளை போடவே வழியில்லாத வீட்டுக்கு மட்டும்தான் இது. ஒரு சின்ன வழி இருந்தாலும் வெளியே விடும் வகையையே எடுங்கள்.

ஃபில்டரில் மூன்று வகை. அலுமினிய வலை எண்ணெயை நன்றாகப் பிடிக்கும், அதனாலேயே சீக்கிரம் அடைக்கும். பேஃபிள் என்பது வளைந்த எஃகுத் தகடுகளின் வரிசை. காற்று அதில் நெளிந்து போகும்போது கனமான எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வடியும். அடைப்பு குறைவு, கழுவுவது சுலபம், நெருப்பையும் தாங்கும். ஃபில்டரே இல்லாத "ஆட்டோ கிளீன்" வகை, உள்ளே ஒரு ஹீட்டர் வைத்து எண்ணெயை இளக்கி ஒரு கிண்ணத்தில் வடிக்கிறது. சக்கரத்தில் படிந்ததில் ஒரு பகுதி போகும், குழாயில் உள்ளது போகாது. கிண்ணத்தைக் காலி செய்யாவிட்டால் அது வழியும். என் ஓட்டு பேஃபிளுக்கு. அக்கா ஆட்டோ கிளீன் வாங்கினாள், அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

இழுவை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போடும் எண் பல நேரம் குழாய் எதுவும் மாட்டாமல் அளந்தது. உங்களுக்கு வேண்டியதை நீங்களே கணக்கிடலாம். அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்குங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.7 என்றால் 24.3 கன மீட்டர். மணிக்குப் பத்துத் தடவை காற்று மாற 243. நிறைய வறுத்துப் பொரிக்கிற வீடு என்றால் இதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம். குழாய்த் தடைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும், விளம்பரத்தில் வரும் பிரமாண்ட எண்களுக்குப் பக்கத்தில் இது போகாது. அந்த எண்ணைவிட, நீங்கள் தினமும் ஓட்டப்போகும் நடு வேகத்தில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் இரட்டிப்பானது போல் தெரியும். சத்தம் தாங்காமல் அணைத்து வைக்கிற சிம்னி யாருக்கும் உதவாது.

உடம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 ரகத்தில் காந்தம் பிடிக்காது, வளைத்த ஓரங்களில் லேசாகப் பிடிக்கலாம். 430 ரகத்தில் கப்பென்று பிடிக்கும். கடற்காற்று வரும் இடத்தில் 430 சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மாட்டும் உயரம் எரிவாயு அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர், துல்லியமாக எவ்வளவு என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். மேலே ஏற்றினால் புகை பரவிவிடும், கீழே இறக்கினால் ஃபில்டரில் தீப்பிடிக்கும் அபாயம்.

எக்ஸாஸ்ட் ஃபேனே போதும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. வேகவைத்தல், கொதிக்கவைத்தல்தான் அதிகம் என்றால் அடுப்புக்கு நேர் மேலே சுவரில் ஒரு நல்ல ஃபேன் போதும், அதில் தவறே இல்லை. வறுவல் வாசனை வீட்டுத் துணியில் ஏறுகிறதென்றால் போதாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். ஜன்னல் கதவு எல்லாம் சாத்திவிட்டு ஓட்டினால் இழுவை குறையும். அதைவிட முக்கியம், புகைபோக்கி வைத்த எரிவாயு ஹீட்டரோ விறகு அடுப்போ அதே இடத்தில் இருந்தால், சிம்னியின் இழுவை அந்தப் புகையை வீட்டுக்குள்ளேயே திரும்ப இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. உயிர் போகிற விஷயம் இது. ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆனால் அடுப்பை ஒட்டிய ஜன்னல் வேண்டாம், அந்தக் காற்று புகையைத் தள்ளிவிடும்.

அக்கா வீட்டில் 150 மில்லிமீட்டர் தகரக் குழாயை ஒரே வளைவோடு போட்டு, வெளிமூடியையும் மாற்றினோம். இப்போது அவள் மூன்றாவது வேகத்தைத் தொடுவதே இல்லை. கழற்றிய பழைய சிம்னியை நான் பிரித்துப் பார்த்தேன். மோட்டார் நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழைய ஆழமான குடையே தொங்குகிறது. குழாய் புதிது, கண்டன்சர் புதிது, அலுமினிய வலைக்குப் பதில் பேஃபிள். கண்டன்சர் மேல் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பேரிங்கில் லேசாக ஒரு கரகரப்பு ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மாதம் அதைக் கழற்ற வேண்டும்.